பாதிப் பணத்தை யார் போடுவது? ராணுவ ஆராய்ச்சி நிதியும் சாதி மூலதனமும்

கோவை குறிச்சி சிட்கோவை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வாடகை ஷெட்டில் என் நண்பர் தொழில் நடத்துகிறார். இரண்டு பழைய லேத், கடனில் வாங்கிய ஒரு விஎம்சி மிஷின், வேலைக்கு இரண்டு பையன்கள். இவ்வளவுதான் அவருடைய கம்பெனி. நண்பர் அருந்ததியர். அப்பா துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பதினோரு ஆண்டுகள் இன்னொருவர் பட்டறையில் மிஷின் ஓட்டிவிட்டு, பிறகுதான் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கத் தொடங்கினார். என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிறு இன்ஜினியரிங் பட்டறைகளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது பழக்கமானவர்.

ஒருநாள் ஓர் அலுமினியத் துண்டைக் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆர்டர் கொடுத்த கம்பெனியின் டிராயிங்படி செய்தால் சுவர் பகுதி நெளிந்துவிடுகிறது, முதல் லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனது என்றார். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பிடித்து நிறுத்த ஒரு ஃபிக்ஸரைத் தானே செய்திருக்கிறார். அதன் பிறகு ஒரு துண்டுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், ஃபிக்ஸரின் அளவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதற்குக் காசு எதுவும் இல்லை. அந்தத் துண்டு ராணுவத்துக்கான ஒரு ட்ரோனில் உட்காருகிறது என்பதும், அந்த ட்ரோனை உருவாக்க அந்தக் கம்பெனிக்கு அரசின் ஆராய்ச்சி மானியம் கிடைத்திருக்கிறது என்பதும் பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தோழர், அந்தத் திட்டத்துக்கு நாம அப்ளை பண்ண முடியுமா?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தோம். சிறு நிறுவனமாக இருந்தால் போதும், தனிநபர்கூட விண்ணப்பிக்கலாம், சாதி பார்ப்பதில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, செலவில் பாதியை விண்ணப்பதாரர் போட வேண்டும் என்ற இடம் வரும்வரை.

"பாதியை நாமளே போடறதுங்களா?" என்று சிரித்தார். "அது இருந்தா நான் எதுக்குங்க தோழர் ஜாப் ஒர்க் பண்ணீட்டிருக்கேன்?"

இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

*

அந்தத் திட்டத்தின் பெயர் ஐடெக்ஸ். பாதுகாப்புத் துறையில் புதிய கண்டுபிடிப்புகளை ஊக்குவிக்க ஒன்றிய அரசு கொண்டுவந்தது. 2018 ஏப்ரல் 12ஆம் தேதி, சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் பிரதமர் மோடி இதைத் தொடங்கிவைத்தார். அந்த நாள் நமக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழ்நாடு கறுப்புக் கொடி பிடித்த நாள் அது, கறுப்பு பலூன்கள் பறந்த நாள். அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, ஏப்ரல் 2 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நாடு முழுக்க தலித் மக்கள் தெருவில் நின்றார்கள், உயிரையும் இழந்தார்கள். இந்தச் சத்தங்களுக்கு நடுவில், ஆராய்ச்சிப் பணம் தனியார் கைக்குப் போவதற்கான ஒரு புதிய பாதை திறந்ததை நம்மில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

திட்டம் செயல்படும் விதம் எளிமையானது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவை தங்களுக்கு இன்ன பிரச்சினை இருக்கிறது, தீர்வு வேண்டும் என்று எழுதி அறிவிக்கின்றன. சிறு நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும் தீர்வுகளோடு வருகின்றன. தேர்வானால் மாதிரியை உருவாக்க 1.5 கோடி ரூபாய் வரை மானியம். ஐடெக்ஸ் பிரைம் என்ற அடுத்த படியில் 10 கோடி வரை. 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. மாதிரி வெற்றி பெற்றால் ராணுவமே வாங்கும். 2025 பிப்ரவரி நிலவரப்படி 619 நிறுவனங்கள் இதற்குள் வந்திருக்கின்றன, 430 ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன, 2,400 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள 43 பொருட்களை வாங்க ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது என்கிறது அரசு.

இது தனித்த ஒரு திட்டம் மட்டுமல்ல. டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு 10 கோடியிலிருந்து 50 கோடியாக உயர்ந்திருக்கிறது. ராணுவ ஆராய்ச்சி பட்ஜெட்டில் 25 சதவீதம் தனியார் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கிறது. அரசு ஆய்வகத்துக்குள் செலவாகிக்கொண்டிருந்த பணத்தில் ஒரு பங்கு இப்போது தனியார் நிறுவனங்களின் கணக்குக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. யாருடைய நிறுவனங்கள் என்று கேட்பது நம் வேலை.

*

சிறு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் தருவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய முதலாளிகள் மட்டுமே ஆயுத ஒப்பந்தங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒரு லேத் பட்டறைக்காரருக்கும் வாய்ப்பு என்பது கொள்கை அளவில் நல்லது. ஆனால் சிறு நிறுவனம் என்ற சொல்லை நம் நாட்டில் சாதியைக் கழித்துவிட்டுப் படிக்க முடியாது.

அரசின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் உரிமையாளர்கள் எந்தச் சமூகப் பிரிவு என்று கேட்டது. குறு நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் 12.48 சதவீதம். சிறு நிறுவனங்களுக்கு வந்தால் அது 5.50 சதவீதம். நடுத்தர நிறுவனங்களில் 0.00 சதவீதம். பூஜ்யத்துக்குப் பிறகும் இரண்டு பூஜ்யம் போட்டு அரசே அச்சிட்டிருக்கிறது. பழங்குடியினர் குறு நிறுவனங்களில் 4.11, சிறு நிறுவனங்களில் 1.65, நடுத்தர நிறுவனங்களில் 1.09. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்ற எந்தப் பிரிவிலும் வராத "மற்றவர்கள்" குறு நிறுவனங்களில் 32.79 சதவீதமாக இருக்கிறார்கள், நடுத்தர நிறுவனங்களில் 70.80 சதவீதமாகிறார்கள். பிற்படுத்தப்பட்ட சமூகங்களும் மேலே போகப் போகப் பாதியாகக் குறைகின்றன. படி ஏற ஏறச் சாதி வடிகட்டுகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ராணுவ ஆராய்ச்சி மானியம் இந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்பவருக்கு எட்டும்? மூன்று வடிகட்டிகளை நான் பார்க்கிறேன்.

முதலாவது, அந்தப் பாதிப் பணம். ஒன்றரைக் கோடி மானியம் வேண்டுமென்றால் மொத்தச் செலவு மூன்று கோடி, மீதி ஒன்றரைக் கோடியை நிறுவனம் திரட்ட வேண்டும். அது சொந்தப் பணமாக இருக்கலாம், முதலீட்டாளர் பணமாக இருக்கலாம். நிலம் இருப்பவர் நிலத்தை அடமானம் வைப்பார். மாமனார், மச்சான், பெரியப்பா வழியில் பணம் வரும். திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் கவுண்டர் சமூகத்துத் தொழிலாளர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்று ஆராய்ந்த ஷரத் சாரி, உழைப்போடு சேர்ந்து சாதிக்குள் கிடைத்த கடனும் நம்பிக்கையும் உறவும் அதில் வகித்த பங்கை விரிவாகக் காட்டுகிறார். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. என் நண்பரும் உழைக்கிறார். அவருடைய உறவுக்காரர்களில் யாரிடமும் கடன் கொடுக்கப் பணம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆய்வு மாணவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கருத்தரங்குக்கு முதலில் உங்கள் காசில் போய் வாருங்கள், பில்லைக் கொடுங்கள், பிறகு தருகிறோம் என்பார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல், வாடகைக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். "முதலில் நீ செலவு செய்" என்று சொல்லும் ஒவ்வொரு விதியும் ஏற்கெனவே கையில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கும் விதிதான்.

இரண்டாவது, இன்குபேட்டர். ஐடெக்ஸ் தன் பங்காளிகளாக வைத்திருக்கும் தொழில் வளர்ப்பு மையங்களில் ஐஐடி, ஐஐஎம் வளாகங்களைச் சேர்ந்தவை முக்கியமானவை. அங்கே விண்ணப்பம் எழுத உதவுவார்கள், பேராசிரியர் ஆலோசகராக இருப்பார், முதலீட்டாளரை அறிமுகப்படுத்துவார்கள். சென்னை ஐஐடியை மையமாக வைத்து அஜந்தா சுப்ரமணியன் எழுதிய நூல், 'தகுதி' என்ற சொல்லுக்குள் சாதி எப்படி ஒளிந்து வாழ்கிறது என்பதைத்தான் பேசுகிறது. அந்த வளாகத்தின் கதவு யாருக்குத் திறக்குமோ, அவருக்குத்தான் இந்த மானியத்தின் வழியும் தெரியும். குறிச்சியில் இருப்பவருக்கு என்னைப் போல யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

மூன்றாவது, வேலையின் பிரிவினை. யோசிக்கும் வேலை ஒருவருக்கு, செய்யும் வேலை இன்னொருவருக்கு என்பது சாதியின் அடிப்படை விதி. டிராயிங் போடுபவர் கண்டுபிடிப்பாளர், அந்த டிராயிங் வேலைக்கு ஆகாது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தவர் ஜாப் ஒர்க்காரர். ஃபிக்ஸர் செய்ததை எந்த விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது?

இது புதிதும் அல்ல. முட்கம்பி வேலிகளை வெடித்து வழி ஏற்படுத்தும் பெங்களூர் டார்பிடோ என்ற ஆயுதம் 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் உருவானது. அதை உருவாக்கியவராக மெக்ளின்டாக் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தப் படைப்பிரிவில் மண் தோண்டி, பாலம் கட்டி, வெடி வைத்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் பறையர் சமூகத்தைச் சேர்ந்த தமிழர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

*

"ஆராய்ச்சியில் போய்ச் சாதியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆராய்ச்சிக்கும் ஆயுதத்துக்கும் சமூகநீதியிலிருந்து விலக்குக் கொடுத்தது நாம் அல்ல, அரசு. அதுவும் எழுத்துபூர்வமாக.

முதல் விலக்கு 1975 ஜூன் மாதம் ஒன்றிய அரசின் பணியாளர் துறை வெளியிட்ட ஆணை. ஏ பிரிவின் தொடக்க நிலைக்கு மேலே உள்ள அறிவியல், தொழில்நுட்பப் பணியிடங்களில், ஆராய்ச்சி செய்வதற்கும் ஆராய்ச்சியை வழிநடத்துவதற்குமான இடங்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்றது அது. அதாவது வாசல்வரை வரலாம், முடிவெடுக்கும் நாற்காலிக்கு மட்டும் இடஒதுக்கீடு வராது.

இரண்டாவது விலக்கு 2012இல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கட்டாயமாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இப்போது அந்த அளவு 25 சதவீதம். மொத்தக் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். தனியார் தொழிலில் சமூகநீதியைக் கொண்டுவந்த மிக முக்கியமான ஆணைகளில் ஒன்று இது. ஆனால் அதே ஆணையில் ஒரு பத்தி இருக்கிறது. ஆயுத இறக்குமதி இந்தக் கணக்கில் சேராது, ஆயுத அமைப்புகள், ஏவுகணைகள் போன்ற பாதுகாப்புத் தளவாடங்கள் இந்த ஒதுக்கீட்டுக் கொள்கைக்கு வெளியே இருக்கும் என்கிறது அந்தப் பத்தி. ராணுவம் சோப்பும் பூட்ஸும் வாங்கினால் 4 சதவீதம் உண்டு, ஏவுகணை வாங்கினால் கிடையாது. இரண்டு விலக்குகளும் காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் வந்தவை. பாஜக அவற்றைத் தொடர்கிறது. இதில் கட்சி வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை.

விலக்கு இல்லாத இடத்திலும் நிலைமை என்ன? 2018-19 முதல் அடுத்த சில ஆண்டுகளில் அந்த 4 சதவீத இலக்கில் ஒரு சதவீதத்தைக்கூட ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் தொடவில்லை. ஆனாலும் இதை என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம், ஆணை இருக்கிறது, இலக்கு இருக்கிறது, அதனால் கணக்கும் இருக்கிறது. ஐடெக்ஸில் எத்தனை நிறுவனங்கள், எத்தனை ஒப்பந்தங்கள், எத்தனை கோடி என்று அரசு அறிவிக்கிறது. அந்த 619 நிறுவனங்களில் எத்தனை தலித்துகளுடையவை, எத்தனை பழங்குடியினருடையவை என்ற பத்தி அந்த அறிவிப்புகளில் இல்லை. ஆராய்ச்சி என்ற விலக்கும் ஆயுதம் என்ற விலக்கும் சந்திக்கும் இடத்தில் பிறந்த திட்டம் இது. அதனால் எண்ணவேண்டிய அவசியமே அதற்கு ஏற்படவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்ப்பது பயன்படும், ஏனென்றால் சிறு நிறுவனங்களுக்கு அரசு ஆராய்ச்சிப் பணம் தரும் முறைக்கு உலகமே முன்மாதிரியாகக் காட்டுவது அதைத்தான். 1982இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் வெளியாருக்குத் தரும் ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். இப்போது அது 3.2 சதவீதம். அதில் மிகப் பெரிய துறை ராணுவம். குவால்காம் போன்ற நிறுவனங்கள் சிறியவையாக இருந்தபோது இந்தப் பணத்தைப் பெற்றிருக்கின்றன. முதல் கட்டத்தில் பாதிப் பணத்தை நீ போடு என்ற நிபந்தனை அங்கே இல்லை. சாத்தியமா என்று சோதித்துப் பார்க்கும் செலவை அரசே ஏற்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிறுபான்மையினரும் பின்தங்கியவர்களும் தொழில்நுட்ப ஆராய்ச்சியில் பங்கேற்பதை ஊக்குவிப்பது அந்தச் சட்டமே எழுதிவைத்த நான்கு நோக்கங்களில் ஒன்று. ரீகன் சமூகநீதிக்காரர் அல்ல. அமெரிக்க ராணுவம் உலகத்துக்கு என்ன செய்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அந்த நோக்கம் அங்கே நிறைவேறியதா என்றால் இல்லை. கறுப்பின மக்களின் நிறுவனங்களுக்கும் ஹிஸ்பானிய மக்களின் நிறுவனங்களுக்கும் மிகக் குறைவாகவே போகிறது என்று அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்களின் மதிப்பீடுகளே குறை சொல்லியிருக்கின்றன. ஆனால் சட்டத்தில் எழுதியிருந்ததால்தான் அதை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. நம் ஊரில் அந்தத் தோல்வியை நிரூபிக்கக்கூட ஒரு காகிதம் கிடையாது.

*

இந்த இடத்தில் தோழர்கள் பலர் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. "ஆயுதம் செய்வதில் நமக்கு எதற்குப் பங்கு? அந்த ஆயுதம் யார் மேல் பாயும்?"

இதை நான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். பஸ்தரில் ட்ரோன்களிலிருந்து குண்டு வீசினார்கள் என்று பழங்குடி மக்கள் குற்றம்சாட்டியிருக்கிறார்கள், காவல்துறை மறுக்கிறது. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்ததை நாம் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். எல்லைக்காக என்று செய்யப்படும் தொழில்நுட்பம் ஊருக்குள் திரும்பி வர அதிக நாள் எடுப்பதில்லை. அதைச் செய்யும் கம்பெனியின் முதலாளி தலித்தாக இருந்தால் அந்தக் குண்டு புனிதமாகிவிடாது.

ஆனால் நம் இயக்கத்தின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். ராணுவக் குடியிருப்பான மாவ்-வில் பிறந்த அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த எழுத்தறிவுக்கு ராணுவச் சம்பளம் ஒரு காரணம். பின்னாளில் 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அமர்ந்தபோது, மகர் படைப்பிரிவு வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார், அந்த ஆண்டே அது உருவானது. போரின் மேல் கொண்ட ஆசையால் அவர்கள் கேட்கவில்லை. அரசு பணம் செலவழிக்கும் இடத்திலிருந்து ஒரு சமூகத்தை முழுவதுமாக வெளியே நிறுத்தினால், அந்தச் சமூகம் பள்ளிக்கூடத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்து இழக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அந்த இடம் சிப்பாய் வேலை. இன்றைக்கு அது ஆராய்ச்சி மானியம். ட்ரோனுக்காக உருவாகும் மோட்டார், பேட்டரி, சென்சார் நாளைக்கு மருத்துவக் கருவியாகவும் விவசாயக் கருவியாகவும் வரும். ராணுவப் பணத்தில் கற்றுக்கொண்டவர்கள் அந்தச் சந்தையையும் பிடிப்பார்கள். ஆயுதமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் பேசத் தயார். ஆனால் ராணுவ பட்ஜெட் குறையும்வரை அந்தப் பணம் உயர்சாதிகளுக்குள்ளேயே சுற்றட்டும் என்று அமைதியாக இருப்பது அறம் ஆகாது. தலித் மக்கள் சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. எந்த ஆயுதம் வேண்டும், எது வேண்டாம் என்று கேட்கும் உரிமையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஐடெக்ஸ் முறையின் உயிர்நாடி, பிரச்சினையை எழுதி அறிவிப்பதுதான். சிப்பாயின் உயிரைக் காக்க இந்தக் கருவி வேண்டும் என்று அரசு எழுதுகிறது, பணம் தருகிறது, செய்துவந்தால் வாங்குகிறது. சரி. மலக்குழிக்குள் இறங்கிச் செத்துப்போகிறவரின் உயிரைக் காக்க இன்ன கருவி வேண்டும் என்று இதே வேகத்தில், இதே அளவுப் பணத்தோடு எழுதி அறிவிக்க எது தடுக்கிறது? மலக்குழி சுத்தம் செய்யும் ரோபோவை 2018இல் கேரளத்தில் சில இளைஞர்கள் ஒரு ஸ்டார்ட்அப்பாகச் செய்து காட்டினார்கள், மாநில அரசும் துணை நின்றது. தொழில்நுட்பம் ஒரு பிரச்சினையே இல்லை. எந்த உயிருக்கு ஆராய்ச்சி தேவை, எந்த உயிருக்கு நிவாரணத் தொகை போதும் என்பதில்தான் சாதி இருக்கிறது.

*

என்ன கேட்கலாம்? நான்கு கோரிக்கைகள். எதுவும் புரட்சி இல்லை, எல்லாம் ஓர் ஆணையில் செய்யக்கூடியவை.

ஒன்று, எண்ணுங்கள். ஐடெக்ஸ், அதிதி, தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி மூன்றிலும் விண்ணப்பித்தவர், தேர்வானவர், பணம் பெற்றவர் ஆகியோரின் சமூகப் பிரிவைச் சேகரித்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தேசப் பாதுகாப்பு ரகசியம் என்று சொல்ல முடியாது. வென்ற நிறுவனங்களின் பெயர்களை நீங்களே பெருமையாக வெளியிடுகிறீர்கள்.

இரண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு அந்தப் பாதிப் பணத்தைத் தளர்த்துங்கள். டிஆர்டிஓ-வின் நிதியில் செலவில் 90 சதவீதம் வரை அரசே தருகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? தலித் இளைஞர்களின் ஸ்டார்ட்அப்களுக்கென்று 2020இல் அம்பேத்கர் பெயரில் தொடங்கிய திட்டத்தில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம். ராணுவத் திட்டத்தில் ஒன்றரைக் கோடி முதல் 25 கோடி. அம்பேத்கர் பெயர் போட்ட கதவு தனி, பெரிய பணம் இருக்கும் கதவு தனி என்று இருக்கக் கூடாது.

மூன்று, 2012 ஆணையின் விலக்குப் பத்தியைத் திருத்துங்கள். ஏவுகணை முழுவதையும் ஒரு சிறு நிறுவனம் செய்யாது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் போகும் ஆயிரக்கணக்கான பாகங்களைச் சிறு பட்டறைகள்தான் செய்கின்றன. அந்தப் பாகங்களுக்கு 4 சதவீதம் பொருந்தட்டும். மானியம் வாங்கும் நிறுவனம் தன் ஜாப் ஒர்க்காரர்கள் யார், வடிவமைப்பில் அவர்கள் செய்த மாற்றம் என்ன என்பதையும் பதிவு செய்யட்டும்.

நான்காவது, தமிழ்நாடு அரசுக்கு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான புத்தொழில் நிதியை 2022-23இல் 30 கோடி ரூபாயோடு தொடங்கியது இந்த மாநிலம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம் தருகிறது. பாராட்டுகிறோம். அதே அரசின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இந்தத் திட்டங்களை இணைத்து, ஒன்றிய மானியத்துக்குத் தேவைப்படும் பாதிப் பணத்தை மாநிலம் போடட்டும். ஒன்றிய அரசு மாறக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது இது.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் நண்பரிடம் படித்துக் காட்டினேன். 0.00 சதவீதம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நாம எல்லாம் எந்தக் கணக்குலங்க வருவோம்?" என்றார். குறு நிறுவனம், அந்த 12.48இல் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ஃபிக்ஸர் செய்ததை எப்படி எழுதுவது என்று நான் கேட்டிருந்த வரியைக் காட்டி, அதன் டிராயிங் தன்னிடம் இருக்கிறது என்றார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில், தேதியோடு போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கப் போகிறோம். பாதிப் பணத்துக்கான கட்டத்தில், "எங்களிடம் இல்லை, ஏன் இல்லை என்பதை அரசு அறியும்" என்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். நிராகரிப்பார்கள். அந்த நிராகரிப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அடுத்த கேள்வியைக் கேட்போம்: இதுவரை பணம் வாங்கியவர்களில் எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஊரில் லேத்தோ மில்லிங் மிஷினோ ஓட்டும் தோழர் இருந்தால், நீங்களும் அவரோடு உட்கார்ந்து அந்த விதிமுறைகளைப் படியுங்கள், விண்ணப்பியுங்கள். ஒரு கடிதம் வந்தால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். நூறு கடிதங்களுக்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.